அம்பாசிடர் பிளாக் என்ன விலை?

"தம்பி, உங்க தாத்தா வண்டி பிளாக் போச்சுங்க. இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாம். நீங்க மெட்ராஸ்லதானே படிக்கிறீங்க? புதுப்பேட்டையில நல்ல பிளாக்கா ஒண்ணு பாருங்க."

போன செமஸ்டர் நடுவுல ஈரோட்டிலிருந்து மெக்கானிக் அண்ணன் போன் பண்ணிச் சொன்னது இது. வண்டி 1968 மாடல் அம்பாசிடர் மார்க் 2. தாத்தா அதை செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது என் அம்மா கைக்குழந்தை. போன கோடையில் ரேடியேட்டர் தண்ணி வத்தினது தெரியாம கொஞ்ச தூரம் ஓட்டியிருக்காங்க. மூணாவது சிலிண்டர்ல பிஸ்டன் பிடிச்சு, எஞ்சின் ஜாம்.

சரின்னு ஒரு சனிக்கிழமை எழும்பூர்ல இறங்கி, ரூம்மேட்டையும் இழுத்துக்கிட்டு புதுப்பேட்டை போனேன். நாலு கடை ஏறி இறங்கினதும் ஒரு கடையில் அம்பாசிடர் பெட்ரோல் பிளாக் கிடைச்சது. "இருபத்திரண்டாயிரம்பா. ஸ்டாண்டர்டு போரு. ரீபோரே பண்ணாத பிளாக்" என்றார் கடைக்காரர். அப்போதான் ஒரு விஷயம் உறைச்சது. நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர். ஓட்டோ சைக்கிளுக்கு பி.வி. டயக்ராம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். ஆனா கண்ணு முன்னாடி இருக்கிற இந்த இரும்புக் கட்டிக்கு இருபத்திரண்டாயிரம் நியாயமா, இல்ல ஏழாயிரம்தான் நியாயமான்னு சொல்ல எனக்குத் தெரியல. "ரெண்டு வாரம் டைம் குடுங்கண்ணே" என்று சொல்லிட்டு வந்துட்டேன். அந்த ரெண்டு வாரத்துல கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல, பிளாக்கை மட்டும் ஏன் தனியா விலை பேசுறோம்? எஞ்சின்ல மற்ற எல்லாத்தையும் மாத்தலாம். பிஸ்டன், ரிங், வால்வ், பேரிங், ஏன், கிராங்க்கைக்கூட கிரைண்ட் பண்ணலாம் இல்லைன்னா வேற வாங்கலாம். பிளாக்தான் இவை எல்லாத்தையும் தாங்குற உடம்பு. அதுல இருந்து உலோகம் ஒருமுறை தேய்ஞ்சா திரும்ப வளராது. ஒவ்வொரு ரீபோரும் அதுல கொஞ்சம் எடுத்துடும். அதனால பழைய பிளாக் வாங்குறவர் காசு கொடுக்கிறது இரும்புக்கு இல்லை, இன்னும் வெட்ட எவ்வளவு மிச்சம் இருக்கு என்பதுக்கு. இது மனசுல இருந்தா மற்றதெல்லாம் கணக்குதான்.

அம்பாசிடர் பற்றி ஒரு சின்ன பின்னணி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாம் வரிசைக் காரை அடிப்படையா வச்சு இந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் செய்த வண்டி இது. 2014-ல் உற்பத்தி நின்னது. தாத்தா வண்டியில் இருப்பது பி.எம்.சி. நிறுவனத்தோட பி-சீரீஸ் எஞ்சின். நாலு சிலிண்டர், 73.025 மி.மீ. போர், 88.9 மி.மீ. ஸ்ட்ரோக், 1489 சிசி. கிராங்க்கைத் தாங்க மூணே மெயின் பேரிங். 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பத்து 1489 சிசி எஞ்சின்தான் இருந்தது. அங்கே அது ரேஸ் ஓடிச்சு, இங்கே அது எட்டுப் பேரோட கல்யாணத்துக்குப் போச்சு.

ஒரு எச்சரிக்கை. "1489 சிசி அம்பாசிடர் பிளாக்" என்று சொன்னா மட்டும் போதாது. அம்பாசிடரில் பின்னாடி வந்த பி.எம்.சி. டீசல் எஞ்சினும் 1489 சிசிதான். அதுக்கும் பிறகு இசுசு 1.8 பெட்ரோல் எஞ்சின் வந்தது. கடையில் மூணும் ஒரே மூலையில், ஒரே கருப்புக் கிரீஸ் பூசிக்கிட்டு கிடக்கும். எஞ்சின் நம்பர், டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ற இடம் ரெண்டையும் பார்த்து பெட்ரோல் பிளாக்தான்னு உறுதி பண்ணிட்டு அப்புறம் விலை பேசணும்.

நம்பரைப் பார்க்கும்போதே அது சுத்தமா இருக்கான்னும் பாருங்க. நம்பர் இருக்க வேண்டிய இடத்துல கிரைண்டர் தடம் இருந்தாலோ, எழுத்து ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா குத்தியிருந்தாலோ, இலவசமா கொடுத்தாலும் வேண்டாம். திருட்டு வண்டி எஞ்சினா இருக்க வாய்ப்பு உண்டு. இதுல பேரம் கிடையாது.

அடுத்து அளக்கணும். எங்க மெட்ராலஜி லேப்ல டயல் போர் கேஜ் இருக்கு. செகண்ட் இயர்ல அதைத் தொடாமலேயே, சீனியர் ரெகார்டுல இருந்து ரீடிங் காப்பி அடிச்ச பாவிகளில் நானும் ஒருவன். இந்தத் தடவை லேப் அண்ணாகிட்ட லெட்டர் எழுதிக் கொடுத்து போர் கேஜ், மைக்ரோமீட்டர், என்.டி.டி. லேப்ல இருந்த அல்ட்ராசோனிக் திக்னஸ் கேஜ் மூணையும் வாங்கிக்கிட்டு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். பேரீச்சம்பழத்துக்குப் போகறதுக்கு முன்னாடி தாத்தா பிளாக்கை ஒரு தடவை அளந்து பார்த்துடலாம்னு.

பட்டறையில் எஞ்சினை இறக்கி, பிரிச்சு, பிளாக்கை மட்டும் மேசை மேல வச்சிருந்தார் அண்ணன். முதல்ல கண்ணால பார்க்கிற வேலை. பக்கவாட்டுல வட்டமா தகடு அடைச்சிருக்கும் பாருங்க, அதை ஃப்ரீஸ் பிளக்குன்னு சொல்வாங்க. தண்ணி உறைஞ்சா அது வெளியே வந்து பிளாக்கைக் காப்பாத்தும்னு ஒரு கதை உண்டு. உண்மையில் அது வார்ப்பு ஊத்தும்போது உள்ளே வச்ச மணலை வெளியே எடுக்கத்தான் விட்ட ஓட்டை. ஊட்டியில் வண்டி வச்சிருந்தா ஒழிய தண்ணி உறையுறது நம்ம பிரச்சினை இல்லை. நம்ம பிரச்சினை துரு. கூலன்ட் ஊத்தாம வருஷக்கணக்கா போர்வெல் தண்ணியே ஊத்தி ஓட்டினா, வாட்டர் ஜாக்கெட் உள்ளேயிருந்து அரிக்கும், துருச் சேறு அடியில் தங்கும், அந்த இடத்துல தண்ணி ஓடாம சிலிண்டர் சூடாகும். தாத்தா பிளாக்ல ஒரு பிளக்கைத் தட்டி எடுத்ததும் வெளியே வந்தது தண்ணி இல்லை, காபிப் பொடி மாதிரி ஒரு சேறு. எஞ்சின் ஏன் ஜாம் ஆச்சுங்கிறதுக்குப் பாதி பதில் அங்கேயே கிடைச்சிடுச்சு.

அப்புறம் விரிசல். பெரிய ஊர்ல காந்தத் துகள் சோதனை பண்ணுவாங்க. வாட்டர் ஜாக்கெட்டோட ஓட்டையெல்லாம் தகடு வச்சு அடைச்சு, காத்து ஏத்தி, தண்ணியில முக்கிக் குமிழி வருதான்னு பார்க்கிற பிரஷர் டெஸ்டும் உண்டு. பட்டறை முறை எளிசு. சந்தேகப்படுற இடத்தைச் சுத்தமா துடைச்சு மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, நல்லா துடைச்சுட்டு சாக்பீஸ் பொடி தூவணும். விரிசல் இருந்தா உள்ளே போன மண்ணெண்ணெய் கசிஞ்சு பொடியில் ஈரக்கோடா தெரியும். நம்ம டை பெனட்ரன்ட் டெஸ்ட்டோட தாத்தா இதுதான். முக்கியமா பார்க்க வேண்டியது சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல, ஹெட் போல்ட் ஓட்டையைச் சுத்தி, தண்ணி ஓட்டையிலிருந்து சிலிண்டரை நோக்கி. பக்கவாட்டுல ஒரு நீளக் கோடு பார்த்து எனக்கு உயிரே போச்சு. "அது அச்சு ரெண்டும் சேர்ற கோடு தம்பி, எல்லா பிளாக்குலயும் இருக்கும்" என்று அண்ணன் சிரிச்சார்.

விரிசலுக்கு ஏன் இவ்வளவு பயம்? பழைய பிளாக் சாம்பல் வார்ப்பிரும்பு. அதுக்குள்ளே கிராஃபைட் செதில் செதிலா இருக்கும். அந்த கிராஃபைட்தான் அதிர்வை உறிஞ்சுது, சிலிண்டர் சுவரை வழவழப்பா வச்சுக்குது. அதே செதில்தான் இழுவிசை வந்தா விரிசலுக்கு வழியும் காட்டுது. வெல்டிங் வச்சா பக்கத்துல இருக்கிற இடம் கடினமாகி உடையும். முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடு போட்டு, மெதுவா ஆற விட்டுப் பண்ணணும். இல்லைன்னா பின் அடிச்சுத் தைக்கிற கோல்ட் ஸ்டிச்சிங். ரெண்டும் தெரிஞ்ச கை வேணும். அதனால வெளிப்புற ஜாக்கெட்ல சின்ன விரிசல்னா விலை குறையும். சிலிண்டருக்குள்ளேயோ மெயின் பேரிங் மேடையிலேயோ விரிசல்னா, அது இனி இரும்பு விலைதான்.

மரையையும் விடாதீங்க. அதாவது போல்ட் ஏறும் மரை. இது அங்குல மரை உள்ள எஞ்சின். யாரோ ஒரு அவசரக்காரர் மெட்ரிக் போல்ட்டைத் திருகி ஏத்தியிருந்தா, மரை கழண்டது யாருக்குன்னு அப்போ தெரியும். ஹெலிகாயில் போட்டுச் சரி பண்ணலாம், ஆனா ஒவ்வொண்ணும் செலவு.

இப்போ போர். கழட்டின பிஸ்டன் தலையில் "030" என்று குத்தியிருந்தது. அப்படின்னா ஸ்டாண்டர்டை விட அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு பெருசா ஏற்கெனவே போர் போட்டிருக்காங்க. மில்லிமீட்டர்ல 73.787. இந்த எஞ்சினுக்கு 10, 20, 30, 40 என்று ஓவர்சைஸ் போகும். ஆக எங்ககிட்ட மிச்சம் இருக்கிறது ஒரே படி.

சிலிண்டர் சமமா தேயாது. மேல் பக்கம் வெடிப்போட அழுத்தம் ரிங்கைச் சுவரோட அமுக்கும், சூடு அதிகம், எண்ணெய் கம்மி. அதனால ரிங் வந்து நிற்கிற மேல் முனையில்தான் தேய்மானம் அதிகம். அதுக்கு மேலே ரிங் தொடாத இடம் தேயாம ஒரு படிக்கட்டு மாதிரி நிற்கும். நகத்தை வச்சு மேல இழுத்தாலே மாட்டும். கருவி எதுவும் இல்லாம கடையில் நிற்கும்போது முதல் சோதனை இந்த நகம்தான். அதேபோல கனெக்டிங் ராடு சாய்வா தள்ளுறதால பிஸ்டன் ஒரு பக்கமா அழுத்தும், வட்டம் முட்டை வடிவமாகும். அதனால ஒவ்வொரு சிலிண்டர்லயும் மேல், நடு, கீழ் என்று மூணு உயரம், வண்டி நீளவாக்கில் ஒண்ணு குறுக்கே ஒண்ணு, மொத்தம் ஆறு ரீடிங். நாலு சிலிண்டருக்கு 24. இந்தத் தடவை ஒண்ணையும் காப்பி அடிக்கல.

மற்ற மூணும் சுமார். மோசம் மூணாவதுதான். கீழே 73.80, மேலே நீளவாக்கில் 73.83, குறுக்கே 73.90.

நான் டக்குன்னு கணக்குப் போட்டேன். 40 ஓவர்சைஸ் என்பது 74.041. இப்போ இருக்கிறது 73.90. நடுவுல 0.14 மி.மீ. இருக்கே, தாராளமா போதுமேன்னு அண்ணன்கிட்ட சொன்னேன். "கிளியர் ஆகாதுங்க தம்பி" என்றார், கேஜைத் திரும்பிக்கூடப் பார்க்காம.

ராத்திரி நோட்டுல வரைஞ்சு பார்த்தப்போதான் அவர் சொன்னது புரிஞ்சது. தேய்மானம் ஒரு பக்கமா இருக்கு. ஆனா போரிங் மெஷின் பழைய மையத்தை வச்சுத்தான் வெட்டும், இல்லைன்னா சிலிண்டர் கிராங்க்குக்கு நேரா இருக்காது. தேயாத ஆரம் 36.8935. மொத்தத் தேய்மானம் 0.113, அத்தனையும் ஒரே பக்கம்னு வச்சா, அந்தப் பள்ளத்தைத் தொட வேண்டிய ஆரம் 37.0065. விட்டமா மாத்தினா 74.013. அதாவது 74.041-க்கு உள்ளே மிச்சம் இருக்கிறது 0.03 மி.மீ.தான், 0.14 இல்லை. கடைசியில் ஹோனிங் பண்ண மட்டுமே 0.05-க்கு மேல விடுவாங்க. அண்ணன் கண்ணால பார்த்தே சொன்னதை நான் நாலு தசம ஸ்தானம் போட்டுக் கண்டுபிடிச்சேன். விட்டத்தில் யோசிக்காதீங்க, ஆரத்தில் யோசிங்க. பழைய பிளாக் வாங்கறவங்க அதிகமா ஏமாறுற இடம் இதுதான்னு நினைக்கிறேன்.

சரி, 40 போகாது. மிச்சம் ஒரே வழி ஸ்லீவ். பழைய சிலிண்டரை இன்னும் பெருசா குடைஞ்சு, அதுக்குள்ளே மெல்லிய காஸ்ட் அயர்ன் குழாயை இறுக்கமா இறக்கி, அதைத் திரும்ப 73.025-க்கே போர் போடுறது. அளவு பழையபடி ஸ்டாண்டர்டுக்கு வந்துடும், கணக்கு முதல்ல இருந்து தொடங்கும். ஆனா அதுக்கு வெளிச்சுவர் போதுமான தடிமனா இருக்கணும். அண்ணன் பேரீச்சம்பழம்னு சொன்ன காரணமே அதுதான். "துரு உள்ளே எவ்வளவு தின்னுருக்குன்னு தெரியாம ஸ்லீவ் இறக்கினா சுவரு கிழிஞ்சுரும்."

தெரிஞ்சுக்கத்தான் அல்ட்ராசோனிக் கேஜ். ஒலி அலை சுவரோட பின்பக்கம் போய்த் திரும்பி வர ஆகிற நேரத்தை வச்சு அது தடிமன் சொல்லும். மூணாவது சிலிண்டர்ல ரொம்ப மெல்லிய இடம் 7.0 மி.மீ. காட்டிச்சு. சந்தோஷத்துல குதிச்சேன். அப்புறம் ஒரு சந்தேகம் வந்து, பிளாக்கோட அடியில் சம்ப் உட்கார்ற ஓரத்தை வெர்னியர்ல அளந்தேன். 9.5. அதே இடத்தை கேஜ் 11.9 என்று காட்டுது! கேஜ் ஸ்டீலுக்கு செட் ஆகியிருந்தது. ஸ்டீல்ல ஒலி வினாடிக்கு சுமார் 5900 மீட்டர் போகும். சாம்பல் வார்ப்பிரும்புல அதைவிட மெதுவா போகும், கிராஃபைட்டைப் பொறுத்து பிளாக்குக்கு பிளாக் மாறும். எங்க பிளாக்குக்குத் திருப்பிக் கணக்குப் போட்டா சுமார் 4700. அப்போ அந்த 7.0 உண்மையில் 5.6. எந்த கேஜா இருந்தாலும், அதே பிளாக்ல வெர்னியர் எட்டுற ஒரு இடத்தை அளந்து செட் பண்ணிட்டு அப்புறம் நம்புங்க.

5.6 போதுமா? 2 மி.மீ. சுவர் உள்ள ஸ்லீவுன்னா சிலிண்டரைச் சுமார் 77 மி.மீ. வரை குடையணும். ஒரு பக்கத்துக்கு ஒண்ணரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேல போகும். மிச்சம் நாலு மி.மீ. நோட்டை எடுத்துக்கிட்டு லேத் மாஸ்டர்கிட்ட போனோம். "நாலு இருந்தா இறக்கலாம்" என்றார். அண்ணன் நோட்டை வாங்கி ரெண்டு தடவை பார்த்தார். "அப்ப பேரீச்சம்பழம் வேண்டாங்க."

அடுத்த வாரம் அதே கேஜோட புதுப்பேட்டை. கடைக்காரர் பெட்டியைப் பார்த்ததும், "ஆஸ்பத்திரியில இருந்து வர்றியாப்பா?" என்றார். பிளாக்கைத் துடைச்சு அளந்தேன். நாலு சிலிண்டரும் 73.04-ஐ ஒட்டியே. படிக்கட்டு இல்லை, முட்டை வடிவம் இல்லை. நாப்பது ஐம்பது வருஷப் பிளாக் இவ்வளவு சுத்தமா இருக்க முடியாதே. டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சு மேல் தளத்தைப் பார்த்தா, ஒவ்வொரு சிலிண்டரைச் சுத்தியும் முடி மாதிரி ஒரு வட்டக்கோடு. நாலும் ஸ்லீவ். ரீபோரே பண்ணாத பிளாக் இல்லை, ரீபோர் எல்லாம் பண்ணி முடிச்சு, அதுக்கும் மேல ஸ்லீவ் போட்ட பிளாக். கடைக்காரர் என்னை ஏமாத்தினார்னு சொல்ல மாட்டேன். டார்ச்சை வாங்கி அவரும் பார்த்துட்டு, "அட ஆமாம்பா" என்றார். அவர்கிட்டயும் யாரோ ஸ்டாண்டர்டுன்னு சொல்லித்தான் போட்டுட்டுப் போயிருக்காங்க. ஸ்லீவ் போட்ட பிளாக் மோசமும் இல்லை. ஒழுங்கா போட்டிருந்தா நல்லாவே ஓடும். விலை மட்டும் வேற.

பெரிய பிரச்சினை கீழே இருந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தா மூணு மெயின் பேரிங் கேப்ல நடுவுல இருக்க வேண்டியது இல்லை. "அது நிறைய கிடக்கு, ஒண்ணு எடுத்துக்க" என்று ஒரு குவியலைக் காட்டினார். இங்கேதான் கவனம். ஃபேக்டரியில் கேப்பை பிளாக்கோட சேர்த்து முடுக்கின பிறகுதான் மூணு பேரிங் ஓட்டையையும் ஒரே நேர்கோட்டுல குடைவாங்க. அதனால ஒவ்வொரு கேப்பும் அந்த பிளாக்குக்கு, அந்த இடத்துக்கு, அந்தத் திசைக்கு மட்டுமே பொருந்தும். வேற கேப் போட்டா லைன் போரிங் பண்ணணும். பண்ணாம ஓட்டினா கிராங்க் நடுவுல பிடிக்கும். பிளாக் வாங்கப் போனா சிலிண்டரைப் பார்க்கும் முன்னாடி கேப்பை எண்ணுங்க.

இப்போ விலை. ஹெட் உட்கார்ற தளம் லெவல் பண்ணி, போர் முடிஞ்சு, கேப் எல்லாம் சரியா இருக்கிற, அப்படியே எஞ்சின் கட்டலாம்ங்கிற நிலையில் உள்ள பிளாக்குக்கு எங்க அண்ணன் கணக்கு 25,000. ஊருக்கு ஊர் இது மாறும். நீங்க உங்க ஊர் தொகையைப் போட்டுக்கோங்க, முறை ஒண்ணுதான். அதிலிருந்து, இந்த பிளாக்கை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகிற செலவைக் கழிக்கணும். புதுப்பேட்டை பிளாக்குக்கு கேப்பும் லைன் போரிங்கும் 6,000, ஹோனிங்கும் தளம் லெவல் பண்றதும் 3,000, ஈரோட்டுக்கு லாரி புக்கிங் 1,500. ஆக அதிகபட்சம் 14,500. அதுவும் உள்ளே வேற எதுவும் ஒளிஞ்சிருக்காதுன்னு நம்பினா. கடைக்காரர் 16,000 வரை இறங்கி வந்தார்.

தாத்தா பிளாக்குக்கு ஸ்லீவும் போரும் சேர்த்து சிலிண்டருக்கு 2,500, நாலுக்கு 10,000. தளம் 1,500. கெமிக்கல்ல போட்டுத் துருச் சேறு எடுக்க 1,000. மொத்தம் 12,500. அப்போ அந்த ஜாம் ஆன பிளாக்கோட மதிப்பு எங்களுக்கு 12,500. அதே பிளாக்குக்குக் காயலான் கடையில் எடை போட்டுச் சொன்னது 1,900. ஒரே இரும்பு, ரெண்டு விலை.

இதுல நம்பரோட மதிப்பு இன்னும் சேரல. எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறா வண்டியை மாத்த முடியாது, எஞ்சின் மாத்தினா ஆர்.டி.ஓ.வில் முறைப்படி பதிவு பண்ணணும். பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப் போகும்போது அங்கே நம்பரை ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. வேற பிளாக் போட்டா அது எங்கிருந்து வந்ததுங்கிறதுக்குப் பேப்பர் காட்டணும். புதுப்பேட்டை பிளாக்கோட ஒரு துண்டுச் சீட்டுக்கூட வரல.

அப்புறம் 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதி. ஐம்பது வருஷம் தாண்டி, எஞ்சின், சேஸி, பாடி பெருசா மாறாம மூல வடிவத்தில் இருக்கிற வண்டிக்கு 'வி.ஏ.' வரிசையில் தனி நம்பர் கிடைக்கும். 1968 வண்டி வயசுக் கணக்குல தாராளமா தேறும். நான் ஆர்வமா தாத்தாகிட்ட விளக்கினேன். அந்த நம்பர் வாங்கினா கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, சர்வீஸ் விட, இப்படிக் குறிப்பிட்ட காரியத்துக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம் என்றதும், "அப்புறம் நான் சந்தைக்கு எதுல போறது கண்ணு?" என்று கேட்டார். விஷயம் அங்கேயே முடிஞ்சது. ஆனாலும் சொந்த நம்பர் பிளாக் உள்ளே இருக்கிற வரைக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கு. பின்னாடி யாராவது வாங்க வந்தா அவங்க முதல்ல பார்க்கப்போறது ஆர்.சி. நம்பரும் பிளாக் நம்பரும் ஒண்ணான்னுதான். ஸ்லீவ் போட்டா இன்னொரு வசதி, சிசி பழைய 1489-லேயே நிற்கும். 40 ஓவர்சைஸ் போயிருந்தா 1531 ஆகியிருக்கும்.

இதை எழுதும்போது பிளாக் ஈரோட்டுல லேத்லதான் இருக்கு. மூணு ஸ்லீவ் இறங்கிடுச்சு. ரொம்ப பயந்த மூணாவது சிலிண்டரை மாஸ்டர் முதல் ஆளா முடிச்சார், சுவர் கிழியல. வாட்டர் ஜாக்கெட்ல இருந்து அரை பக்கெட் சேறு வந்ததாம். தாத்தா இப்போ கூலன்ட் என்ன கலர்ல இருக்கணும்னு எனக்கே போன் பண்ணிச் சொல்றார்.

புதுப்பேட்டைக்குப் போய், வாங்கலண்ணே, மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன். அவர் கோவிச்சுக்கல. "பரவால்லப்பா. ஆனா பரீட்சை முடிஞ்சு ஒரு நாள் அந்தப் பொட்டியை எடுத்துக்கினு வா. உள்ள இன்னும் நாலு பிளாக் கிடக்கு. எது ஸ்லீவு, எது ஒரிஜினல்னு பார்த்துச் சொல்லு" என்றார். லேப் அண்ணாகிட்ட இன்னொரு லெட்டர் எழுதணும்.